தட்டில் மிஞ்சியதை எழுதி வைத்த நாட்கள்

அப்பாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து எட்டாம் நாள். வாய் கொப்பளிக்கும்போது பல்செட் நிற்காமல் கழன்று வந்தது. அப்பா எவ்வளவு மெலிந்துவிட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மணிக்கட்டில் நிற்கவில்லை என்று கைக்கடிகாரத்தை ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தோம். காயமும் ஆறாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

கேஸ் ஷீட்டில் எடை 64 கிலோ என்று இருந்தது. அது சேர்க்கும்போது நாங்கள் வாயால் சொன்ன எண். நிறுத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டேன்: 59.5. நான்கு மாதத்துக்கு முந்தைய ஒரு பரிசோதனைச் சீட்டில் 68 கிலோ. வார்டு டாக்டர் உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பி.எம்.ஐ. எண்ணைக் கணக்குப் போட்டு, "பி.எம்.ஐ. 20.6, நார்மல்தான்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. உணவியல் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.

அந்த அம்மா வந்ததும் முதலில் அப்பாவின் பாதத்தை விரலால் அழுத்தினார். குழி விழுந்தது. "இந்த 59.5-லயும் கொஞ்சம் நீர்தான்" என்றார். நெற்றிப்பொட்டின் பள்ளத்தையும் தோள்பட்டைத் தசையையும் தொட்டுப் பார்த்தார், கைப்பிடி பலத்தை அளந்தார். பி.எம்.ஐ. சரியாக இருந்தாலும், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் முயலாமலேயே 10 சதவீதத்துக்கு மேல் எடை போயிருந்தால் அதுவே பெரிய ஆபத்து என்று விளக்கினார். அப்பாவுக்கு 12.5 சதவீதம். ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் குறைவாக இருக்கிறதே, அதை ஏற்றினால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். உடம்பில் அழற்சி இருந்தாலே அல்புமின் இறங்கும், அதை வைத்து ஊட்டச்சத்தை அளக்க முடியாது என்றார்.

அடுத்த மூன்று நாள், வந்த சாப்பாட்டில் எவ்வளவு உள்ளே போனது என்று எழுதச் சொன்னார். எழுதியபோதுதான் தெரிந்தது, கால் பங்குகூடப் போகவில்லை. ஒரு நாள் ஸ்கேனுக்காக வெறும் வயிற்றோடு இருந்தார், கடைசியில் ஸ்கேன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. இன்னொரு நாள் கை எட்டாத இடத்தில் தட்டை வைத்துவிட்டு, அப்புறம் அப்படியே எடுத்துப் போய்விட்டார்கள். மாத்திரையால் நாக்கில் கசப்பு வேறு. எல்லாவற்றுக்கும் மேலே, பல்செட் இல்லாமல் எதை மெல்லுவார்?

சரி, இனி நிறையக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அதுதான் கூடாதாம். நாட்கணக்கில் சரியாகச் சாப்பிடாத உடம்புக்குத் திடீரென உணவு சேர்ந்தால் இன்சுலின் கூடி, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் போய்விடும். இதயத் துடிப்பே தடுமாறலாம். அதனால் முதலில் தயமின், அதாவது வைட்டமின் பி1. பிறகு கிலோவுக்கு 10 கலோரி வீதம், நாளுக்கு 600 கலோரிதான். வாயால் அதுவும் முழுதாக இறங்காததால் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். பசியில் இருக்கிறவருக்கு இவ்வளவுதானா என்று எனக்கு அழுகையே வந்தது. ஆனால் மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையில் பாஸ்பேட் இறங்கியிருந்தது, உடனே ஊசி வழியாக ஏற்றினார்கள். அவசரப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஒரு வாரத்தில் படிப்படியாக 1,700 கலோரிக்கு வந்தார். புரதம் கிலோவுக்கு ஒன்றரை கிராம் வரை கணக்கு வைத்தார்கள். குழாயை எடுத்தபின் மூன்று வேளையை ஆறாகப் பிரித்துக் கொடுத்தோம், நடுவே புரதம் கூடுதலான பானம். அந்த வாரம் எடை 58-க்கு இறங்கியபோது பதறிப்போனேன். கால் வீக்கம் வடிந்ததுதான் காரணம். அதன்பின் ஏறத் தொடங்கியது. காயத்தின் விளிம்பு மெல்லச் சேர்ந்தது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ஊட்டச்சத்துக் குறைபாட்டையும் குறிப்பிடச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். அடுத்து பார்க்கும் டாக்டருக்கு அது தெரிய வேண்டும் இல்லையா? இப்போது வாரம் ஒரு நாள், காலையில், ஒரே எடைக்கருவியில் நிறுத்துகிறோம். போன வாரம் 61.5. பல்செட் புதிதாக அளவெடுத்திருக்கிறோம்.