முகமூடி வீரர் மாயாவிக்கு எட்டுப் பக்கப் புதுக் கதை: ஐந்து பக்கம் மை போட்டாயிற்று

லீ ஃபால்க் 1936-இல் தொடங்கிய படக்கதையின் நாயகன் ஃபேன்டம்தான் ராணி காமிக்ஸ் வாசகர்களுக்கு முகமூடி வீரர் மாயாவி. பாம்பனில் உருவாகும் இந்தப் புதுக் கதை நண்பர்கள் படிக்க மட்டுமே. பாத்திர உரிமை நம்முடையது அல்ல, அதனால் விற்பனை கிடையாது.

கதை மாயாவி வாழும் கற்பனை நாடான பங்கல்லாவிலேயே நடக்கிறது. மாயாவியை ராமேஸ்வரத்துக்குக் கூட்டிவந்தால் மண்டையோட்டுக் குகையும் 'சாவில்லாதவர்' என்ற பயமும் ஒட்டாது. தலைமுறை தலைமுறையாக வரும் மாயாவிகளில் முதல்வர் கடற்கொள்ளையரை ஒழிக்கச் சபதம் செய்தவர் என்பதால் கடல் கதை. பாய் புடைப்பு, கயிற்றின் இழுவை மட்டும் கரையில் நிற்கும் வத்தை என்ற பாய்மரப் படகுகளைப் பார்த்து வரைந்தவை. வலக்கையில் மண்டையோட்டு மோதிரம், இடக்கையில் காவல் முத்திரை மோதிரம். படத்தை இடவலமாகத் திருப்பினால் இரண்டும் மாறிவிடும், பழைய வாசகர் கண் நேரே அங்கேதான் போகும்.

வசனத்தை முதலில் எழுதி, மிச்ச இடத்தில் படம் போடுங்கள். தமிழ்ச் சொல் நீளம்; படம் முடிந்தபின் பலூன் போட்டால் மாயாவியின் தலை மறையும். ஏ4-இல் வரைந்து ஏ5-க்குச் சுருக்கினால் 4 மி.மீ. எழுத்து 2.8 மி.மீ. ஆகும். அதற்கும் சிறிதானால் ஜெராக்ஸில் 'ண' சுழிகள் அடைந்துவிடும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். மேலே 'இ'கரக் கொக்கியும் கீழே 'உ'கரச் சுழியும் இடிக்காமலிருக்க வரிக்கு வரி 4 மி.மீ. இடைவெளி வேண்டும்.

மைதான் பெரிய வேலை. உடை, நிழல், இரவு எல்லாம் கருப்பு. ஈரக் காற்றில் தாள் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும்; கெட்டியாக மை அப்பினால் நெளியும், மேல்பக்கம் காய்ந்தது போலிருந்து கை பட்டதும் இழுக்கும். 200 ஜிஎஸ்எம் தாளின் நாலு ஓரத்தையும் ஒட்டுப்பலகையில் டேப் போட்டு இறுக்கி, நடுவிலிருந்து வெளியே, மெல்லிசாக இரண்டு பூச்சு. முதல் பூச்சு நன்றாகக் காயட்டும். வாட்டர்புரூஃப் மை, இரண்டாம் எண் பிரஷ் போதும். முகமூடியின் கண் வெள்ளைத் தாளாகவே இருக்கட்டும். கருப்பின் மேல் வெள்ளை போஸ்டர் கலர் வைத்தால் சாம்பல் தட்டும், அந்தப் பார்வையின் மிரட்டல் போய்விடும்.

இரண்டு ஏ4 தாளில் புத்தகம் முடியும். முதல் தாளில் 8-1, பின்புறம் 2-7. அடுத்ததில் 6-3, பின்புறம் 4-5. ஸ்டேப்ளர் பின் வேண்டாம், உப்புக்காற்றில் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் கறை இறங்கும். மூன்று துளை போட்டு நூலால் தைப்பது நல்லது. பாக்கியுள்ள 6, 7, 8-இல் இரவுச் சண்டை வருகிறது, முழுக்கக் கருப்பு. வாடை மழை தொடங்குமுன் அவற்றை முடித்தாக வேண்டும்.