பியாக் என்றால் பியாக்தானா?

பச்சை மர மலைப்பாம்பு விற்கிறவர்கள் படத்துக்குக் கீழே ஓர் ஊர்ப் பெயரைத் தவறாமல் போட்டுவிடுகிறார்கள். பியாக், அரு, சொரோங், ஜயபுரா, மெராக்கே. பெயர் மாறினால் விலையும் மாறும். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் நம்ம பையன்கள் சிலர் இப்போது இந்தப் பாம்பை வளர்ப்பதில் இறங்கியிருக்கிறார்கள், பீனிக்ஸ், சாட்ஸ்வர்த் பக்கமிருந்து எனக்கு வாட்ஸாப்பில் வருகிற கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, இது அசல் பியாக்தானே?" அந்த ஊர்ப் பெயருக்காக மட்டும் கூடுதலாக ஒரு ராண்டுகூடக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தப் பாம்பின் சொந்த மண் நியூ கினி, சுற்றியுள்ள பியாக், யாபென், அரு போன்ற தீவுகள், அப்புறம் ஆஸ்திரேலியாவின் வடகோடியில் கேப் யார்க். ஆஸ்திரேலியா தன் நாட்டுப் பாம்பை வணிகத்துக்காக வெளியே விடுவதில்லை. ஆகவே சந்தைக்கு வந்ததெல்லாம் ஏறக்குறைய இந்தோனேசியா வழியாக வந்ததுதான். சொரோங், ஜயபுரா, மெராக்கே மூன்றுமே அங்கே துறைமுகமும் விமான நிலையமும் உள்ள ஊர்கள். காட்டுக்குள் எங்கோ பிடித்த பாம்பு நாலு கை மாறி எந்த ஊரில் பெட்டிக்குள் போனதோ, அந்த ஊர்ப் பெயர் அதற்கு ஒட்டிக்கொள்கிறது. நம் ஆட்களையும் அப்படித்தானே செய்தார்கள், வேலூரோ சித்தூரோ எந்தக் கிராமமாக இருந்தாலும் 1860க்கு அப்புறம் மெட்ராஸில் கப்பல் ஏறி இந்த டர்பன் இருக்கிற நேட்டாலுக்கு வந்தவர்கள் எல்லாரும் மெட்ராஸிதான். (பாம்போடு சேர்த்துச் சொன்னதற்கு ஆயா என்னைத் திட்டுவார், போகட்டும்.)

சரி, அப்படியானால் ஊர் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது, ஆனால் விளம்பரத்தில் போடுகிற அளவுக்குப் பொடிப்பொடியாக இல்லை. நியூ கினியின் நடுவே குறுக்காக ஓடுகிற மலைத்தொடர்தான் உண்மையான எல்லை. வடக்கே ஒரு வம்சம், தெற்கே ஒரு வம்சம் என்று ராலிங்ஸ், டொனெலன் என்ற ஆய்வாளர்கள் 2003இல் மரபணுவை வைத்துக் காட்டினார்கள். 2020இல் நட்டுஷ் குழுவினர் வடக்கத்தியதை மொரேலியா அஸூரியா என்று தனி இனமாகவே பிரித்துவிட்டார்கள். பியாக், ஜயபுரா வடக்கு. அரு, மெராக்கே, கேப் யார்க் தெற்கு, பழைய மொரேலியா விரிடிஸ் என்ற பெயர் இவற்றுக்குத்தான்.

இதில் வாங்குகிறவருக்கு உடனே உதவுகிற சங்கதி ஒன்று உண்டு. முட்டையிலிருந்து வருகிற குட்டி பச்சையாக இருக்காது. தெற்கத்திய குட்டி மஞ்சள்தான். வடக்கில் மஞ்சளும் வரும், செங்கல் சிவப்பும் வரும், சில நேரம் ஒரே ஈட்டில், அதாவது ஒரு தாய் ஒரு தடவை இட்ட முட்டைகளில், இரண்டும் வரும். அதனால் "அசல் அரு" என்று சொல்லிச் சிவப்புக் குட்டியை ஒருவர் காட்டினால், ஒன்று அது அரு இல்லை, அல்லது கலப்பு. படத்தை மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

நிறம் மாறுவதைக் கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும். மஞ்சள் குட்டியின் முதுகில் முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செதில் பச்சையாகும், பிறகு விலாப்பக்கம் இறங்கும், முகத்தில் மட்டும் கொஞ்ச நாள் அழுக்கு மஞ்சள் நின்றுகொண்டிருக்கும். சிலது சில நாட்களிலேயே மாறிவிடும், சிலது மாதக்கணக்கில் இழுக்கும், பியாக் வகை பெரிதான பிறகும் மஞ்சள் திட்டை விடாமல் வைத்திருக்கும். காட்டில் இந்த மாற்றம் பாம்பு 53 முதல் 59 சென்டிமீட்டர் நீளம் வரும்போது நடக்கிறது என்று 2007இல் கேப் யார்க்கில் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். அதுவரை வெளிச்சம் விழுகிற காட்டோரத்தில் சின்ன இரை பிடித்த குட்டி, அந்த நீளத்தில்தான் உள்ளே மர உச்சிக்கு ஏறிப் பெரிய இரைக்குப் போகிறது. இலைக்கு நடுவே மஞ்சளாக இருந்தால் பருந்துக்குச் சாப்பாடு.

பச்சை என்பதே இரண்டு அடுக்கு வேலை. தோலில் மேலே மஞ்சள் நிறமி, அடியில் நீல ஒளியைத் திருப்பி அனுப்புகிற செல்கள். மஞ்சள் குறைந்தால் நீலம் மேலே வந்துவிடும். முட்டை வைத்த பெண் பாம்பு பல நேரம் இப்படித்தான் நீலம் பாய்ந்து நிற்கிறது, சிலது திரும்பப் பச்சையாகும், சிலது ஆகாது. அந்த நேரத்தில் எடுத்த படத்தைப் போட்டு "ஹை ப்ளூ", அதாவது நீலம் அதிகமுள்ள வகை, என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். பலரும் வளர்க்கிற இன்னொரு மலைப்பாம்பான பால் பைதானில் (ball python) இன்ன மரபணு, இத்தனை குட்டிக்கு இத்தனை என்று கணக்குப் போடலாம். இங்கே, அல்பினோ போன்ற ஒன்றிரண்டு தவிர, அந்தக் கணக்கு செல்லாது. நீலத் தாய்க்கும் நீலத் தகப்பனுக்கும் சாதாரணப் பச்சைக் குட்டி வரலாம், பக்கத்து முட்டையில் இருந்தது அசத்தலாக வரலாம். மஞ்சள் குட்டிக்கு நிறத்தை வைத்து விலை சொல்வது லாட்டரிச் சீட்டு விற்பதுதான்.

ஊர்ப் பெயரைவிட எனக்குக் கவலை தருவது வேறு. இந்தோனேசியாவில் இது பாதுகாக்கப்பட்ட இனம், பண்ணையில் பிறந்ததைத்தான் ஏற்றுமதி செய்யலாம். லையன்ஸும் நட்டுஷும் 2009 முதல் 2011 வரை அங்கே வியாபாரிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பண்ணைப் பாம்பு என்ற பெயரில் போவதில் குறைந்தது 80 சதவீதம் காட்டில் திருட்டுத்தனமாகப் பிடித்தது, ஆண்டுக்கு 5,000க்கும் மேல், என்று எழுதினார்கள். பியாக்கில் பிடித்துப் பிடித்தே பாம்புத் தொகை குறைந்துவிட்டது. அதாவது "அசல் பியாக்" என்று நாம் கூடுதல் காசு கொடுக்கக் கொடுக்க, அங்கே இன்னும் ஒரு மரம் காலியாகிறது.

ஆகவே சைட்டிஸ் (காட்டுயிர்களை நாடு விட்டு நாடு விற்பதற்கான சர்வதேச ஒப்பந்தம்) தாளில் பண்ணைப் பிறப்பு என்று குறி இருப்பதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள். இங்கேயே, தென்னாப்பிரிக்காவிலேயே, குட்டி எடுத்தவரைத் தேடுங்கள். தாய் தகப்பனைக் காட்டச் சொல்லுங்கள், தாய் முட்டையைச் சுற்றிக்கொண்டிருந்த படம், பொரித்த தேதி, ஈட்டில் மற்ற குட்டிகளின் நிறம் எல்லாம் கேளுங்கள். நேர்மையானவர் "இது கலப்பு, எந்த ஊர் என்று எனக்கே தெரியாது" என்பார், அவரிடம் தாராளமாக வாங்கலாம். பெர்மிட் விதி மாகாணத்துக்கு மாகாணம் வேறு, காசு கொடுக்கும் முன்பே உங்கள் மாகாண அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். லோட்ஷெட்டிங் என்கிற மின்வெட்டு திரும்பினால் கூண்டு குளிரும், இன்வெர்ட்டரில் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நம் கடலோரத்தில் கொடிய விஷமுள்ள பச்சை மாம்பா உண்மையாகவே இருக்கிறது, தோட்டத்தில் விஷமில்லாத ஒரு பாவப்பட்ட புஷ் ஸ்னேக் தெரிந்தாலே மண்வெட்டியைத் தூக்குகிற ஊர் இது.