அரை மணித்தியால இருட்டு

பெப்ரவரி 8
டெலஸ்கோப்புக்கான பில்டர் வந்துவிட்டது. ஓ-3. ஒன்றேகால் அங்குலம், சோடாப் போத்தல் மூடியை விடக் கொஞ்சம் பெரிசு. டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் அறை முழுக்கக் கடற்பச்சை. வெளியே மழை.

பெப்ரவரி 9
மழை. அப்பாவின் கண் ஒப்பரேஷனுக்கு வியாழன் 19 என்று திகதி சொல்லிவிட்டார்கள்.

பெப்ரவரி 11
எட்டு மணிக்கு ஓரியன் விண்மீன் கூட்டம் உச்சியில். பில்டர் இல்லாமல் நாலு நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு சாம்பல் கறை, அவ்வளவுதான். கண் வைத்துப் பார்க்கிற ஐபீசில் பில்டரைத் திருகிப் போட்டேன். நட்சத்திரங்கள் மங்கின, வானம் கறுத்தது, கறையின் இரண்டு பக்கமும் இறக்கை விரிந்தது. நெபுலா என்ற அந்த வாயு முகிலின் ஒளி கூடவில்லை. அதன் நிறமாலையில் 495.9, 500.7 நானோமீட்டர் அலைநீளத்தில் உள்ள பச்சைக் கோடுகளை மட்டும் உள்ளே விட்டு மற்றதைக் கண்ணாடி மறிக்கிறது. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கும் 500 பக்கம்தான் கூர்மை. 1864இல் வானியலாளர் ஹக்கின்ஸ் இந்தப் பச்சைக் கோட்டைக் கண்டார். அது தெரிந்த எந்தத் தனிமத்தோடும் சரியாகப் பொருந்தவில்லை. பிறகு நெபுலியம் என்று பெயரே வைத்தார்கள். 1927இல்தான் பௌதிகவியலாளர் போவன் சொன்னார்: இரண்டு எலக்ட்ரோன் இழந்த ஒக்சிசன். நாம் மூச்சு விடுகிற அதே ஒக்சிசன்!

பெப்ரவரி 12
தெரு முனை லைட்டை மாற்றிவிட்டார்கள். சோடியம் போய் வெள்ளை எல்ஈடி. நெஞ்சு எரிகிறது. சோடியத்தின் மஞ்சள் 589ஐச் சுற்றி நிற்கும், பில்டர் வெட்டிவிடும். இது எல்லா நிறத்திலும் பரவுகிறது, 500க்கு உள்ளேயும் வருகிறது. அப்பா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். "இதுவும் மஞ்சள்தானே தம்பி?"

பெப்ரவரி 13
இதுவும் மஞ்சளாம்.

பெப்ரவரி 15
சிவராத்திரி. அம்மா கோணேஸ்வரத்தில், அப்பாவின் பெயருக்கு அர்ச்சனை. நான் உப்புவெளியில், மேல்மாடியில் கண் விழித்திருந்தேன். பெட்சீட்டைத் தலையோடு போர்த்தி, அரை மணித்தியாலம் எந்த வெளிச்சமும் படாமல் இருந்தேன். ஒரு மணிக்கு கரினா நெபுலா தெற்கே, டவுன் வெளிச்சத்துக்கு மேலே 20 பாகையில். பில்டர் போட்டதும் நெபுலாவைப் பிளக்கிற கறுப்புக் கோடு தெரிந்தது. முனை லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே தெரிந்தது!

பெப்ரவரி 19
முடிந்தது. கட்டு நாளைக்கு.

பெப்ரவரி 20
கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வர இருட்டிவிட்டது. ஓட்டோவில் இருந்து இறங்கியதும் அப்பா நின்றுவிட்டார்.
"எப்ப தம்பி இந்த லைட்ட மாத்தினவங்க? நீலமா அடிக்குது."

பெப்ரவரி 21
ஓரியன் நாளுக்கு நாலு நிமிஷம் முந்தி மேற்கே இறங்குகிறது. அப்பா இப்போதைக்குக் குனியக்கூடாது. சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே பார்க்க ஸ்டாண்டை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அளந்தேன்.

பெப்ரவரி 22
முகில்.