துருவக் கடல் பயிற்சிச் சான்றிதழ் பெற்ற அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூரைச் சேர்ந்த நான் சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாகப் பணிபுரிகிறேன். அண்டார்க்டிகா செல்லும் கப்பல் ஒன்றில் இடம் கிடைத்தபோது, துருவக் கடல் அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழைக் கேட்டார்கள். துருவக் கடல்களில் செல்லும் கப்பல்களுக்கான பன்னாட்டு விதிகளான துருவ விதித்தொகுப்பு (Polar Code) 2017 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதையொட்டிய பயிற்சி விதி 2018 ஜூலை முதல் அமலில் உள்ளது. பனிக்கட்டி மிதக்கும் நீரில் கண்காணிப்புப் பணி பார்க்கும் அதிகாரிக்கு அடிப்படைப் பயிற்சி போதும். கேப்டனுக்கும் தலைமை அதிகாரிக்கும் உயர்நிலைப் பயிற்சி வேண்டும்.

சென்னையில் பயிற்சிக்குப் பதிவு செய்யும்போது சிடிசி (கடற்பணிப் பதிவேடு), இன்டோஸ் எண் (இந்தியக் கப்பல் பணியாளருக்கான அடையாள எண்), மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்டார்கள். பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர் முழுமையாகவும் வேறொரு சான்றிதழில் இனிஷியலாகவும் இருந்ததால் சற்று இழுபறி ஏற்பட்டது. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் இது நேரும் என்பதால், முன்னதாகவே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

வகுப்பில் என்னை அதிகம் ஈர்த்தது உறைபனிச் சுமைக் கணக்கு. உறைபனி படியக்கூடிய கடற்பகுதிக்குப் போகும் கப்பல், திறந்த மேல்தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 30 கிலோ பனி ஏறியதாகவும், நீர்மட்டத்துக்கு மேல் தெரியும் பக்கவாட்டுப் பரப்பில் சதுர மீட்டருக்கு 7.5 கிலோ ஏறியதாகவும் வைத்துக்கொண்டு, அப்போதும் நிலைகுலையாது என்று காட்ட வேண்டும். ஆயிரம் சதுர மீட்டர் தளத்தில் மட்டும் 30 டன். அதுவும் கப்பலின் உச்சியில் ஏறும் சுமை!

உயிர்காப்புப் பகுதியில், மீட்புக்கு எதிர்பார்க்கப்படும் அதிகபட்சக் காலத்தை 5 நாட்களுக்குக் குறையாமல் கணக்கிட்டு, அதுவரை தாங்கும் உணவு, உடை, தங்குமிட வசதிகளை வைத்திருக்க வேண்டும் என்கிறது விதி. ஒக்கிப் புயலில் நாட்கணக்கில் கடலில் தத்தளித்தவர்களை அறிந்த ஊர்க்காரனான எனக்கு இது மிகையாகத் தோன்றவில்லை.

சுற்றுச்சூழல் பகுதியை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். எண்ணெயோ எண்ணெய் கலந்த நீரோ ஒரு சொட்டுகூடக் கடலில் விடக் கூடாது. உணவுக் கழிவைப் பனிக்கட்டியின் மேல் கொட்டக் கூடாது. அண்டார்க்டிகாவில் கன எரிபொருள் எண்ணெய்க்கு 2011 ஆகஸ்ட் முதலே தடை உண்டு.

தேர்வு கடினமாக இல்லை. உயர்நிலைச் சான்றிதழுக்கு, பயிற்சியோடு துருவ நீரில் இரண்டு மாதப் பணியோ அதற்கு இணையாக ஏற்கப்பட்ட கடற்பணியோ தேவை என்பதால், இந்தப் பயணத்தின் பணிப் பதிவைக் கேப்டனின் கையொப்பத்துடன் வாங்கி வைக்க எண்ணியிருக்கிறேன்.