வீட்டுக்காரருக்கு வேலை இல்லாத மாதங்களில் எதை முதலில் தொடுவது

வேலை போன வீட்டில் கடன் வளரும் விதத்தைக் கவனித்தால், கும்பகோணமானாலும் மன்னார்குடியானாலும் பெரும்பாலும் ஒரே வரிசைதான். முதல் மாதம் கையிருப்பு கரையும். அடுத்த மாதம் அக்கம்பக்கத்தில் கைமாத்து. அதற்கடுத்த மாதம் குழுக் கடன். பிறகு தினமும் வசூலிக்கும் தண்டல். இத்தனையும் நடக்கும்போது பீரோவில் நகை பத்திரமாக இருக்கும், "அது பொண்ணுக்கு, தொடக்கூடாது" என்று. கடைசியில் தண்டல்காரர் வாசலில் வந்து நிற்கும் நாளில் அதே நகை அவசரமாகப் போகும், அதுவும் வட்டி அதிகமான இடத்துக்கு.

இந்த வரிசை தலைகீழ். வட்டி குறைந்ததை முதலில் தொட வேண்டும், வட்டி கூடியதைத் தொடவே கூடாது. இதை மட்டும் முதல் மாதத்திலேயே பிடித்துக்கொண்டால் ஒரு வருட வேலையின்மையைக்கூடக் குடும்பம் தாங்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு. உதாரணத்துக்கு, மனைவி ஜவுளிக்கடையில் 13,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறார், இரண்டு பிள்ளைகள். வாடகை 4,500. மளிகை, காய்கறி 5,000. பால் 1,500. கேஸ், கரண்ட், போன் சேர்த்து 1,300. பள்ளிக்கூடத்துக்கும் வேனுக்கும் 3,000. மாத்திரை மருந்து 700. இதுவே 16,000. குழுத் தவணை 2,200, பைக் தவணை 2,800 சேர்த்தால் 21,000. ஆக மாதம் 8,000 பள்ளம் விழுகிறது. வருடத்துக்கு 96,000. இந்த ஒரு எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகு பயம் பாதியாகும். ஏனென்றால் இதுவரை "எப்படிச் சமாளிக்கப் போறோமோ" என்று இருந்தது, இப்போது "ஒரு லட்சம் எங்கிருந்து, எந்த வட்டிக்கு" என்ற கேள்வியாகிவிட்டது.

அந்த ஒரு லட்சத்தைக் கூட்டுறவுச் சங்கத்திலோ அரசு வங்கியிலோ நகை வைத்து வாங்கினால் வட்டி ஆண்டுக்கு 9, 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். மாதத்துக்கு 800 ரூபாய் போல. அடகுக்கடையில் இரண்டு வட்டிக்கு வைத்தால் மாதம் 2,000. தண்டல் கணக்கு இதைவிடக் கொடியது. "பத்தாயிரம் தர்றோம், ஆயிரத்தைந்நூறு பிடிச்சுக்கிட்டு, தினம் நூறு வீதம் நூறு நாள்" என்பார்கள். கையில் வருவது 8,500. முதல் நாளிலிருந்தே அசலும் திரும்பிப் போவதால், கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 120 சதவீத வட்டி. தினம் நூறு ரூபாய்தானே என்று தோன்றுவதுதான் அதன் தந்திரம்.

நகை வைப்பதிலும் முறை இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே அடகுச் சீட்டில் வைக்காதீர்கள். வளையல் ஒரு சீட்டு, சங்கிலி ஒரு சீட்டு, மோதிரமும் தோடும் ஒரு சீட்டு. தேவைப்படத் தேவைப்பட வைத்தால் தேவையில்லாத மாதத்துக்கு வட்டி கட்ட வேண்டியதில்லை. பணம் வரும்போதும் சின்னதாக ஒன்றைத் திருப்பலாம். ஒரே சீட்டு என்றால் ஒரு லட்சமும் சேர்ந்த பிறகுதான் பொருள் கைக்கு வரும், அது லேசில் சேராது.

சீட்டை வாங்கியதும் கவுன்ட்டரை விட்டு நகராமல் வாசித்துப் பாருங்கள். மொத்த எடை, கல்லுக்கும் அரக்குக்கும் அழுக்குக்கும் கழித்த எடை, நிகர எடை, காரட், வட்டி விகிதம், கெடு தேதி. அட்டிகை மாதிரிக் கல் வைத்த நகையில் கழிவு பெரிதாக இருக்கும். அதனால் கல் இல்லாத வளையலையும் சங்கிலியையும் முதலில் வைப்பது லாபம். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் கொண்டுவந்த விதிகளின்படி வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். தருகிறார்கள் என்பதற்காக முழுசாக வாங்காதீர்கள். தங்கம் விலை இறங்கினால் முதலில் மாட்டுவது விளிம்புவரை வாங்கியவர்தான். கெடு தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு கோடு போடுங்கள். நகை ஏலத்துக்குப் போன வீடுகளில் பல, பணம் இல்லாமல் இழந்தவை அல்ல. தேதி மறந்து, வந்த நோட்டீஸ் பழைய விலாசத்துக்குப் போய் இழந்தவை. முழுத் தொகையையும் கட்டிய பிறகு 7 வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பதும் அதே விதியில் உண்டு.

நகைக்கும் முன்னால் பார்க்க வேண்டியது வீட்டுக்காரருடைய பி.எஃப். அது கடனே இல்லை. 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு எடுத்த முடிவின்படி, வேலை போனவர் இருப்பில் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம். மிச்சக் கால் பங்குக்கு 12 மாதம், பென்ஷன் பங்குக்கு 36 மாதம் வேலையில்லாமல் இருந்திருக்க வேண்டும். விண்ணப்பம் எங்கே நிற்கும் என்றால், வேலையை விட்ட தேதியைக் கம்பெனி பதியாமல் இருப்பதில்தான். கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் கழித்து அந்தத் தேதியை அவரே யூ.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) தளத்தில் பதியலாம். கம்பெனிக்குப் போன் போட்டுக் கெஞ்ச வேண்டாம். அடுத்தது, ஆதாரில் இன்ஷியல் பின்னால், பி.எஃப்.பில் முன்னால் என்று பெயர் ஒத்துப்போகாமல் இருப்பது. மூன்றாவது, இணைத்திருந்த சம்பளக் கணக்கு முடங்கிப்போயிருப்பது. இந்த மூன்றையும் சரிபார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். மொத்தச் சர்வீஸ் ஐந்து வருடத்துக்குக் குறைவாக இருந்து, எடுக்கும் தொகை 50,000 ரூபாய்க்கு மேல் போனால் வரி பிடிப்பார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தொழிலாளர் காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) அட்டையையும் வேலையோடு போனதாக நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரையும் பலன் ஓடும். சந்தா கட்டியவருக்கு வேலை போனால் சராசரித் தினக்கூலியில் பாதியை 90 நாள் வரை தரும் அடல் பீமித் திட்டமும் அங்கே இருக்கிறது, ஆயுளில் ஒரு முறை. கேட்பவர் மிகக் குறைவு. சம்பளம் நின்று குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் வந்துவிட்டால், இ-சேவை மையத்தில் வருமானச் சான்று வாங்கி முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்துவிடுங்கள். உடம்புக்கு வராதபோது சேர்வதுதான் சேர்வது.

பத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்று நிதி நிறுவனத்தில் வாங்கும் குழுக் கடன்தான் டெல்டாவில் பெண்களை அதிகம் அழ வைப்பது. அந்த வாரத் தவணையில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் மரத்தடியிலோ கோயில் மண்டபத்திலோ உட்கார்ந்தே இருக்க வேண்டும். அந்த வெட்கத்துக்குப் பயந்து ஒரு குழுவை அடைக்க இன்னொரு குழுவில் எடுப்பார்கள். இங்கே சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டும் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி புதுக் கடன் தரக்கூடாது. பாக்கிக்காகக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது. பேசி வைத்த இடத்துக்கு இரண்டு முறை தொடர்ந்து வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். வசைபாடவோ, சொந்தக்காரரை மிரட்டவோ உரிமை கிடையாது. கந்துவட்டிக்கு 2003ஆம் ஆண்டு முதலே தனிச் சட்டம் இருக்கிறது. இருந்தாலும், தவணை தவறும் முன்பே கிளைக்குப் போய், "வீட்டுக்காரருக்கு வேலை இல்லை, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தாருங்கள்" என்று எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வங்கிக் கடனுக்கும் அப்படியே. 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன் ஆகிவிடும், அதன்பிறகு பேசிக் காலம் நீட்டி வாங்குவது கடினம்.

சமையலறையில் மிச்சம் பிடிப்பது பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். இந்த மண்ணில் நிஜமாகப் பணம் நிற்கும் இடம் அரிசி. ரேஷன் புழுங்கல் அரிசியை இட்லி, தோசைக்கு ஒதுக்குங்கள், நாலு படிக்கு ஒரு படி உளுந்து. சாப்பாட்டுக்குத் தையிலும் மாசியிலும் சம்பா அறுப்பு முடியும்போது நெல்லாக வாங்குங்கள். 60 கிலோ மூட்டையை அவித்து அரைத்தால் 36 முதல் 40 கிலோ அரிசி வரும். மொத்தத்தையும் அரைத்து வைத்தால் வண்டு விழும். நெல்லாகவே வைத்து இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ரைஸ்மில்லுக்கு அனுப்புங்கள். புது நெல் சோறு குழையும், அதற்குத் தண்ணீர் குறைக்க வேண்டும். ரேஷனில் 30 ரூபாய்ப் பருப்பையும் 25 ரூபாய்ப் பாமாயிலையும் விடாமல் வாங்குங்கள். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் நிற்கட்டும். அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும்.

பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு மாற்றுவது பற்றி ஒன்று. மாற்றுவதென்றால் ஆறாம் வகுப்பிலேயே மாற்றுங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் மாற்றினால் ஃபீஸ் மிச்சம், அந்தக் கதவு மூடியதுதான். எட்டாம் வகுப்பு வரை டி.சி. தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது.

மொய்யை விட முடியாது, அது நம் ஊரில் மரியாதை. பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து வந்தால் சொல்லவே வேண்டாம். மொய் நோட்டை எடுத்து, அவர்கள் நமக்குச் செய்தது எவ்வளவோ அதை மட்டும் திருப்புங்கள். புது நடை, அதாவது புதிதாக ஒருவருக்கு மொய் வைக்கத் தொடங்குவது, இந்த வருடம் வேண்டாம். பழையதைக் குறையாமல் செய்தவரை யாரும் குறை சொல்ல முடியாது.

இனி வீட்டுக்காரரைப் பற்றி. "இன்னைக்கு ஏதாவது போன் வந்துச்சா?" என்று தினமும் சாயங்காலம் கேட்பதை நிறுத்துங்கள். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை டீக்குப் பிறகு, நோட்டை நடுவில் வைத்து அரை மணி நேரம் பேசுங்கள். "என்னங்க, அடுத்த மாசம் எட்டாயிரம் வேணும், பி.எஃப். வந்துடுமா, இல்ல சங்கத்துல வளையலை வைப்போமா?" என்று கேட்டால் முடிவு அவருடையதும்தான். மாமியார் மாமனாரிடம் மறைக்காதீர்கள். மறைத்த வீட்டில்தான் "மச்சான் கல்யாணத்துக்கு ரெண்டு பவுன்" என்ற எதிர்பார்ப்பு வந்து, தண்டல் வாங்கிச் சீர் செய்ய நேர்கிறது. பிள்ளைகளை வேனுக்குப் பதில் அவரே கொண்டுபோய் விடட்டும், ரேஷன், பேங்க் வேலைகள் அவரிடம் இருக்கட்டும். பகல் முழுக்கத் தூங்குவது, குளிக்காமல் இருப்பது, "நான் இல்லாட்டி நீங்க நிம்மதியா இருப்பீங்க" என்ற மாதிரிப் பேச்சு, இவை சோம்பேறித்தனம் இல்லை, நோயின் அறிகுறி. அன்றைக்கே மனநல உதவி எண் 14416க்கோ மருத்துவ உதவி எண் 104க்கோ கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசுவார்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு.

நாலைந்து மாதம் ஆனதும் வெளிநாட்டு ஏஜெண்ட் பேச்சு கட்டாயம் வரும். "மூணு லட்சம் கட்டுங்க, அடுத்த மாசம் ஃபிளைட்" என்பார். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். ஆன்லைன் வேலைக்கு முன்பணம் கட்டி ஏமாந்தால் அந்த மணி நேரத்திலேயே சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் சொல்லுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்கு மாறிப் போய்விடும். இருக்கும் நகையை முழுக்க வைத்துக் கடை போடுவதற்கும் இது காலமில்லை என்பேன்.

உள்ளூரில் கிடைப்பதைத் தள்ளாதீர்கள். நுகர்பொருள் வாணிபக் கழகம் நெல் கொள்முதலுக்குப் பருவகாலப் பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர் எடுக்கும், அந்தந்த மாவட்டத்தாருக்கே. படிப்பும் வயது வரம்பும் அறிவிப்பில் இருக்கும், மாவட்ட மண்டல அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். சில மாத வேலைதான், ஆனால் 8,000 பள்ளத்தைப் பெரிதும் குறைக்கும்.

நிரந்தர வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்ததும் முதலில் தண்டல், பிறகு குழுப் பாக்கி, பிறகு கைமாத்து, அதன்பிறகு கெடு தேதி கிட்டத்தில் இருக்கும் நகைச் சீட்டு. புதுக் கம்பெனியில் பழைய யூ.ஏ.என். எண்ணையே கொடுக்கச் சொல்லுங்கள். புதிதாக ஒன்று தொடங்கிவிட்டால், பழைய கணக்கில் கிடக்கும் கால் பங்கை இணைக்க மறுபடியும் பெயர், தேதி, இன்ஷியல் என்று அலைய வேண்டியிருக்கும்.