குடியை நிறுத்திய அண்ணனுக்குப் பேய் பிடிக்கவில்லை

பாலக்கோடு தக்காளி மண்டியில் லோடு ஏற்றுகிறவர் என் அண்ணன். பல வருஷமாகக் காலையில் ஒரு குவார்ட்டர் போட்டால்தான் கை நிற்கும். ஒருநாள் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு அடியோடு நிறுத்திவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

அன்று சாயங்காலமே டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. பனியன் வியர்வையில் தொப்பலாக நனைந்தது. "சரக்கு உடம்பை விட்டு இறங்குது, சரியாப்போயிடும்" என்றார்கள் பெரியவர்கள். அடுத்தடுத்த நாட்களில் தூக்கம் சுத்தமாகப் போனது. சுவரில் பூச்சி ஊருகிறது என்று துண்டை எடுத்து அடித்துக்கொண்டே இருந்தார். நடுராத்திரியில் தண்ணீர் கொடுக்கப் போன அண்ணியை அடையாளமே தெரியாமல், "யாருடி நீ, என்னைக் கொல்ல வந்தியா?" என்று கழுத்தைப் பிடித்துவிட்டார். எவ்வளவு குடித்தாலும் அண்ணி மேல் கை வைக்காத மனுஷன் அவர்.

காத்துக் கருப்பு, பூசாரியைக் கூப்பிடு என்றார் ஒருவர். கட்டிப்போட்டு ரெண்டு போடு என்றார் இன்னொருவர். கழுத்தைத் தடவிக்கொண்டே அண்ணிதான் சொன்னார்: "108-க்கு அடி."

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஊசி போட்டு அண்ணன் அடங்கியதும், டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். மூளையில் இருக்கிற ரசாயனங்களில் அமைதிப்படுத்துவது காபா, முடுக்கிவிடுவது குளுட்டமேட். சாராயம் காபாவின் வேலையைக் கூட்டும், குளுட்டமேட்டை அமுக்கும். தினமும் குடித்தால் மூளை அதற்கு ஈடுகட்டத் தொடங்கும்: காபா முன்போல வேலை செய்யாது, குளுட்டமேட்டை வாங்கும் இடங்கள் பெருகும். கதவை ரெண்டு பேர் எதிரெதிரே தள்ளும்போது ஒருவர் சட்டென விலகினால் மற்றவர் பாய்ந்து விழுவார் இல்லையா, திடீரென நிறுத்தும்போது நடப்பதும் அதுதான். கூடவே நாரட்ரினலின் என்கிற இன்னொரு ரசாயனமும் ஏறி நெஞ்சு படபடக்கும், உடம்பு சண்டைக்குத் தயாராகிவிடும். அண்ணனுக்கு வந்தது கோபமே இல்லை, உயிர்ப்பயம். இதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்தில் இப்படிப் புத்தி தடுமாறும் நிலை வரலாம். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகும்.

அண்ணனுக்குக் கொடுத்தது லோராசெபாம். மந்தமாகிப்போன காபாவுக்குக் கைகொடுக்கிற மருந்து அது. ஈரல் கெட்டவர்களுக்கு இதைத்தான் அதிகம் தருவார்களாம். டாக்டர் சொல்கிறபடி அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், நாமாக வாங்கிக் கொடுக்கவே கூடாது. குளுக்கோஸ் ஏற்றும் முன்பே தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி போட்டார்கள். குடிப்பவர்கள் உடம்பில் அது வற்றியிருக்கும், விட்டால் மூளை பாதிக்கும். விளக்கை அணைக்காமல், தெரிந்த முகம் ஒன்று பக்கத்திலேயே இருந்து, "அண்ணா, இது ஆஸ்பத்திரி, நான் தம்பி" என்று சொல்லிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். அதுவும் வைத்தியம்தான்.

காலையிலேயே குடிக்கிறவர், முன்பு வலிப்பு வந்தவர் யாராவது உங்கள் வீட்டில் நிறுத்தப் போகிறார் என்றால், தயவுசெய்து கயிறு கட்டும் முன் டாக்டரைப் பாருங்கள். யாரிடம் கேட்பதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்யுங்கள்.

அந்த ராத்திரி அண்ணனுக்கு நினைவே இல்லை. அண்ணிக்கு இருக்கிறது, கதவு தட்டினாலே திடுக்கிடுகிறார். அதனால் அண்ணனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் அவருக்கும் ஒரு சீட்டு போடுகிறோம்.