ராணிகள் இல்லாத ஆட்டம்

ஜூன் 13, வெள்ளி

சேலம் ஐந்து ரோடு மண்டபத்தில் நாளைய செஸ் போட்டிக்கான ஜோடிப் பட்டியல் ஒட்டியாகிவிட்டது. எனக்கு வெள்ளைக் காய்கள். எதிரே ஏற்காட்டுக் கல்லூரி மாணவன். கறுப்புக் காய்களில் அவன் பெர்லின் தற்காப்பு என்ற தொடக்க ஆட்டமுறையைத் தவிர வேறெதுவும் ஆடமாட்டான் என்கிறார்கள். 2000-இல் லண்டனில் கிராம்னிக் இதை வைத்துத்தான் காஸ்பரோவை ஓர் ஆட்டம்கூட வெல்லவிடாமல் உலக செஸ் பட்டத்தைப் பறித்தார். 2013 சென்னை உலகப் பட்டப் போட்டியில் ஆனந்துக்கும் இதே தலைவலி: நான்காவது ஆட்டத்தில் கார்ல்சன் பெர்லின் ஆட, 64 நகர்த்தலில் டிரா.

இதில் 14 நகர்த்தலில் டிராவாக முடிகிற குறுக்குவழி ஒன்றும் உண்டு. வெள்ளை ராணி டி4, இ4 என்ற இரண்டு கட்டங்களுக்கு நடுவே போய்ப்போய் வரும். கறுப்பு ராணி மறித்து மறித்து நிற்கும். நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டு அதை ஆடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

ஜூன் 14, சனி

சொன்னபடியே பெர்லின். ராஜாவை ஓரத்துக்கு நகர்த்திக் கோட்டை கட்டினேன், அவன் குதிரை என் இ4 சிப்பாயை அடித்தது. ஆறாம் நகர்த்தலில் பிஷப்பால் சி6 குதிரையை எடுத்தேன். எட்டாவதில் ராணிகள் பலகையை விட்டுப் போயின.

புதியவர்கள் பார்த்தால் கறுப்பு நொந்துவிட்டது என்பார்கள். ராஜா நடுவில், இனி கோட்டை கட்ட முடியாது. சி வரிசையில் இரட்டைச் சிப்பாய்கள். ராஜா பக்கம் எனக்கு நான்கு சிப்பாய், அவனுக்கு மூன்று. எல்லாக் காய்களும் வெட்டுப்பட்டு, சிப்பாய்கள் மட்டும் மிஞ்சினால் பெரும்பாலும் வெற்றி எனக்கே. ஆனால் அவனிடம் இரண்டு பிஷப்புகள். அவற்றில் ஒன்றைக் குதிரை கொடுத்து வாங்கினேன், யானைகளும் போயின. மிஞ்சியது கறுப்புக் கட்டத்தில் ஓடும் என் பிஷப், வெள்ளைக் கட்டத்தில் ஓடும் அவன் பிஷப். இ6-இல் ராஜா, எஃப்5-இல் பிஷப், எச்5-இல் சிப்பாய் என்று எல்லாவற்றையும் வெள்ளைக் கட்டங்களில் நிறுத்திக்கொண்டான். என் பிஷப்பால் எதையும் தொட முடியவில்லை.

"டிரா வைத்துக்கொள்ளலாமா சார்?"

"இன்னும் கொஞ்சம் பார்ப்போம் தம்பி."

ராஜாவை இரு பக்கமும் நடத்திப் பார்த்தேன். பையன் அசையவில்லை. ஒரே நிலை மூன்றாம் முறை வந்ததும் டிரா என்று கைகுலுக்கினோம்.

வெளியே தட்டுவடை செட் தின்றபடி, "ராணி போய்விட்டால் மனப்பாடம் செய்தவர்களுக்குப் பயம் வந்துவிடும் சார், அதனால்தான் இதை ஆடுகிறேன்" என்றான். பிறகு மலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

ஜூன் 15, ஞாயிறு

தோல்வி. எழுத ஒன்றுமில்லை.

பக்கத்துப் பலகையில் அதே 14 நகர்த்தல் நாடகம். தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. அவர்களுக்கும் அரைப் புள்ளி, நேற்று நாங்கள் மல்லுக்கட்டியதற்கும் அரைப் புள்ளி. 30 நகர்த்தலுக்கு முன் டிரா பேசக் கூடாது என்று விதி வைக்கும் போட்டிகள் உண்டு. ஆனால் இவர்கள் பேசவே இல்லையே! ராணிகள் முன்னும் பின்னும் போய்வந்து ஒரே நிலை மூன்றாம் முறை வந்தது, நடுவர் கையெழுத்துப் போட்டார்.